நாலு டேக்கிலும் வராத டயலாக்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பனியன் கம்பெனியின் டைனிங் ஹாலில் உட்கார்ந்து சினிமா பார்த்தேன். சுவரில் வெள்ளைத் துணி, நூறு பிளாஸ்டிக் சேர், இன்டர்வெலுக்குத் தேங்காய் பன். தியேட்டரில் வராத படம். இனிமேல் வருமா என்பதும் சந்தேகம்தான்.

டைரக்டர் கவிதா எங்கள் தெருப் பெண். இதே எக்ஸ்போர்ட் கம்பெனியில் பத்து வருஷம் மெர்ச்சண்டைசர், வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் வேலை. திடீரென்று வேலையை விட்டுவிட்டு, மறதி நோய் வந்த ஒரு பெரியவரையும் அவர் மனைவியையும் வைத்துக் கதை எழுதினாள்.

படம் ஓடிக்கொண்டிருக்கிறது. முன் சேரில் இருந்த நாச்சிமுத்து அண்ணன் மெல்லத் திரும்பி என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க... அந்தாளு நல்லா நடிக்கறாரே, யாருங்க அது?"

அவரேதான் அது!

அண்ணனுக்கு எழுபத்து நாலு வயசு. தாராபுரம் ரூட்டில் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். வீரபாண்டியில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார். ரெண்டு வருஷமாக மறதி. முதலில் சாவி, அப்புறம் தெரு, அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயர். டாக்டர் வியாதியின் பெயரைச் சொன்ன நாளிலிருந்து, மனைவி ருக்மணி அக்கா அவரை விட்டு நகர்வதே இல்லை.

ஷூட்டிங்குக்கு அவர்கள் வீட்டைத்தான் கவிதா கேட்டிருந்தாள். நடிக்க இருந்தவர் கோயமுத்தூர் நாடக நடிகர். ஷூட்டிங்குக்கு நாலு நாள் இருக்கும்போது அவருக்கு முழங்காலில் ஆபரேஷன். கவிதா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது ருக்மணி அக்காதான் சொன்னார்.

"எங்க ஊட்டுக்காரரையே நடிக்க வை கண்ணு."

கவிதாவே ஆடிப்போய்விட்டாள். "வேண்டாங்க அத்தை... அது சரியா இருக்குமா?"

வேண்டாம் என்று சத்தமாகச் சொன்ன ஆள் நான்தான். மகள் சாந்தியும் கோயமுத்தூரிலிருந்து போன் பண்ணிச் சண்டை போட்டாள். "அப்பாவக் காட்சிப் பொருளாக்கப் போறீங்களாம்மா?"

அக்கா பொறுமையாகப் பதில் சொன்னார். "ரெண்டு வருசமா இந்த மனுசனை ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிடலை சாந்தி. கல்யாணத்துக்குக்கூட என்னை மட்டும்தான் கூப்பிடறாங்க. பத்து பேர் வந்து பேசட்டுமே... சிரமம்னு தோணுச்சுன்னா அந்த நிமிசமே நிறுத்திப்போடறேன்."

முதலில் டாக்டரைக் கேட்கச் சொன்னாள் சாந்தி. நானும்தான். டாக்டரிடம் கேட்டார்கள். அலுப்பு தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்று சொல்லிச் சம்மதித்தார். அக்கா பக்கத்தில் இல்லாவிட்டால் அண்ணன் பதறிப்போவார் என்பதால், மனைவி வேஷமும் அக்காவுக்கே!

எனக்கும் ஒரு ரோல் கிடைத்தது. காபிப் பொடி கேட்டு வரும் பக்கத்து வீட்டுக்காரி. (வேண்டாம் என்று சொன்ன அதே வாய்தான். என்ன செய்வது... சினிமா ஆசை யாரை விட்டது?)

ஒன்பது நாள் ஷூட்டிங். ஒன்பது நாளும் காலையில் கேமராவைப் பார்த்ததும் அண்ணன் அக்காவிடம் கேட்பார்.

"யாரு ருக்கு இவங்கெல்லாம்?"

"சினிமா எடுக்கறாங்க."

"அப்படியா! ஹீரோ யாரு?"

"நீங்கதானுங்க."

"நெசமாலுமா?"

முகம் அப்படியே மலரும். கண்ணாடி முன்னால் போய்த் தலை வாருவார். பவுடர் போடுவார். மறுநாள் காலை... மறுபடியும் முதலிலிருந்து! நமக்கெல்லாம் ஒரு நல்ல சேதி வந்தால் ரெண்டாம் நாளே பழசாகிவிடுகிறது. இந்த மனுஷருக்கு ஒன்பது காலையும் புத்தம் புதுசு. மூணாம் நாளிலிருந்து, அந்த "நெசமாலுமா"வைக் கேட்பதற்காகவே யூனிட் முழுக்கச் சீக்கிரம் வந்து நிற்க ஆரம்பித்தது.

கடைசி நாள் கிளைமாக்ஸ். அக்கா தட்டில் சாப்பாடு கொண்டுவர வேண்டும். அண்ணன் நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்க வேண்டும். ரெண்டே ரெண்டு வார்த்தை.

முதல் டேக். அக்கா வந்தார். அண்ணன் நிமிர்ந்தார். "எங்க போயிட்ட ருக்கு? பசிக்குது."

கவிதா பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். ரெண்டாவது டேக்... "நீ சாப்பிட்டியா ருக்கு?" மூணாவதிலும் ருக்குதான்.

நாலாவது டேக்கில் அண்ணனுக்குக் கோபமே வந்துவிட்டது.

"என்ற பொண்டாட்டியப் பாத்து யாருன்னு கேக்கச் சொல்றீங்களே... நல்லாருக்குதுங்களா இது?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். அக்கா மட்டும் தட்டை வைத்துவிட்டு விறுவிறுவென்று சமையலறைக்குள் போனார். நான் பின்னாலேயே போனேன். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"என்னக்கா ஆச்சு?"

"போன மாசம் ரெண்டு தடவை நெசமாவே கேட்டுட்டாரு... நீங்க யாருன்னு. சாந்திகிட்டக்கூடச் சொல்லலை. இனி அவ்வளவுதான்னு இருந்தேன். இன்னைக்கு நாலு பேர் சேர்ந்து கேக்கச் சொல்லியும் மாட்டேங்கறாரே!"

அழுகையோடு அழுகையாகச் சிரிப்பு. எனக்கும் அப்படித்தான். வாசலில் கவிதா நின்றிருந்தாள். கேட்டுவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. நேராக வெளியே போனாள். "கிளைமாக்ஸை மாத்தியாச்சு. அவரு பேசுனபடியே வெச்சுக்கலாம்" என்றாள்.

அக்காவுக்குத் தெரியும், நாளைக்கோ அடுத்த வருஷமோ அந்தக் கேள்வி மறுபடி வரும். ஒத்திகை பார்த்துத் தயாராகும் விஷயமா அது? வரும்போது வரட்டும். அதற்காகக் கையில் இருக்கிற இந்த நாளில் ஏன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்ள வேண்டும்? எனக்கு இதைப் புரியவைக்க ஒரு பத்துப் பேர் சினிமா யூனிட் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

டைனிங் ஹாலில் "என்ற பொண்டாட்டியப் பாத்து" வந்தபோது பறந்த விசிலைக் கேட்டிருக்க வேண்டும்! படம் முடிந்ததும் சாந்தி ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். டெய்லர்களும் செக்கிங் பெண்களும் செல்ஃபிக்கு வரிசையில் நின்றார்கள். அதில் ஒரு பெண் கேட்டாள்.

"அடுத்த படத்துலயும் நடிப்பீங்களாங்க?"

அண்ணன் சீரியஸாக யோசித்தார்.

"ஹீரோயின் அதே அம்மாவா இருந்தா நடிக்கறேனுங்க."

ஹீரோயின்தான் வெட்கத்தில் இன்னும் கால்ஷீட் தரவில்லை!