அத்திம்பேரின் கைக்காவல்

என் வீட்டுக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்து அலமாரியின் மேல், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு போர்க்கப்பல் நிற்கிறது. இரண்டு முழம் நீளம் இருக்கும். தேக்கில் செதுக்கிய உடல், பித்தளையில் கடைந்த பீரங்கிகள், நடுவே அடுக்கடுக்காக எழும்பும் மேல்கட்டு. தகாவோ என்று பெயர். இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் ஜப்பான்காரர்கள் கட்டிய கனரகக் குரூஸர்களில் ஒன்றின் சின்ன உரு. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். இது மிதக்குமா?

செய்தவர் என் அத்திம்பேர், அக்காவின் கணவர். படகு வடிவமைக்கிறவர். பழவங்காடியில் பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் அவருடைய ஆபீஸ். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைபடும் சத்தம் நாள் முழுக்க ஜன்னல் வழியாக வந்துகொண்டிருக்கும். அங்கேதான் நான் பல வருஷம் படம் வரைகிற வேலை பார்த்தேன். அக்கா தங்கை எங்கள் இருவருக்கும் வலியசாலையில் ஒரே தெருவில் வீடு, அவருக்கும் எனக்கும் பழவங்காடியில் ஒரே மேஜை. மனுஷரிடமிருந்து எனக்கு விடுதலையே கிடையாது. போதாக்குறைக்கு, மேஜைக்கு எதிரே இந்தக் கப்பல். கல்லூரியில் கப்பல் கட்டுமானம் படித்த காலத்திலேயே ஜப்பான் குரூஸர்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. சிலருக்குச் சங்கீதப் பைத்தியம், இவருக்கு இது.

அவர் சொல்லிச் சொல்லி எனக்கு அந்தக் கதை மனப்பாடம். வல்லரசுகள் கூடி, குரூஸர் என்றால் பத்தாயிரம் டன்னுக்கு மேல் போகக்கூடாது என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. ஜப்பானுக்குக் கப்பல்களின் எண்ணிக்கை குறைவு. அதனால் ஒவ்வொரு கப்பலும் எதிரியின் கப்பலைவிட அதிகம் சுமக்க வேண்டும் என்று அவர்களுடைய கடற்படைத் தலைமை நினைத்தது. முதலில் இருந்த வடிவமைப்பாளர் பிடிவாதக்காரர். டார்பிடோக் குழாய்களை உள்ளே வைக்கவே கூடாது என்று மறுத்தார். அவரை வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் அனுப்பிவிட்டு, அவர் இல்லாத நேரத்தில் குழாய்களை ஏற்றினார்கள். அடுத்து வந்தவர் நல்ல மனுஷர். கேட்டதற்கெல்லாம் சரி என்றார். அவர் காலத்தில் உருவானதுதான் தகாவோ. தாளில் பத்தாயிரத்துக்குள், தண்ணீரில் அதற்கு மேலே.

"அவாளுக்கு பீரங்கி வேணும், டார்பிடோ வேணும், வேகம் வேணும். எடை மாத்திரம் வேண்டாம்" என்பார் அத்திம்பேர். "ஊருக்குச் சொன்ன பொய்யைக் கடைசியில அவாளே நம்ப ஆரம்பிச்சுட்டா, கேட்டியா."

பிறகு ஒரு சின்ன டார்பிடோப் படகு புயல் நாளில் பயிற்சிக்குப் போன இடத்தில் தலைகீழாகக் கவிழ்ந்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் செத்தார்கள். அதுவும் மேலே ஏற்றி ஏற்றிப் பாரம் கூடிப்போன படகுதான். அப்போதுதான் பயம் வந்து எல்லாக் கப்பல்களையும் திரும்பக் கணக்குப் பார்த்தார்கள். குரூஸர்களை இழுத்துவந்து வயிற்றை அகலமாக்கினார்கள், மேல்கட்டை வெட்டினார்கள். பழியைச் சுமந்த அந்த நல்ல மனுஷர் வருஷம் திரும்புவதற்குள் இறந்துபோனார்.

இந்தக் கதையிலிருந்து அத்திம்பேர் தனக்கென்று ஒரு வழக்கத்தை எடுத்துக்கொண்டார். எந்தப் படகு வரைந்தாலும், வெறும் படகு என்ன எடை வரும் என்று கணக்குப் போட்டு, அதற்கு மேல் கொஞ்சம் கூட்டித்தான் தாளில் எழுதுவார். அந்த அதிக எடையோடும் படகு நிமிர்ந்து நிற்கும்படி வடிவமைப்பார். முதலாளி எப்படியும் எதையாவது ஏற்றுவான், ஏற்றிவிட்டுப் போகட்டும் என்பது அவர் எண்ணம். "கைக்காவலா இருக்கட்டும்" என்பார். ஜப்பான்காரன் குறைத்துச் சொன்னான், நான் கூட்டிச் சொல்கிறேன் என்று அதில் ஒரு பெருமையும் உண்டு. அக்கா சமைக்கும்போது யாராவது வந்தால் ஆகட்டுமென்று ஒரு பிடி அரிசி கூடப் போடுவாளே, அதுபோலத்தான். ஆனால் அந்த ஒரு பிடி இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்து, ஆளுக்கு ஒரு விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு வந்தால் என்ன ஆகும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு முதலாளி வந்தார். தெற்கே காயலில் உல்லாசப் பயணிகளுக்கு மாடி வைத்த படகு விட வேண்டும் என்றார். அத்திம்பேர் வரைந்து கொடுத்தார், அனுமதியும் கிடைத்தது. கட்டும்போது முதலாளி மேல்தளத்தில் பெரிய தண்ணீர்த் தொட்டியையும் ஜெனரேட்டரையும் ஏற்றினார். பிற்பாடு விசாரித்தபோது, "சாரு எப்பவும் கூட்டித்தான் எழுதுவாருன்னு எல்லாருக்கும் தெரியும்லா? அந்தத் தைரியத்துலதான் வச்சேன் பாத்துக்கிடுங்க" என்றார். படகைக் கட்டிய மேஸ்திரியிடம், தாளில் சொன்ன அளவில் தகடு இருப்பு இல்லை. அதைவிடக் கனமான தகட்டையே கைப்பிடிக்கும் கூரைச் சட்டத்துக்கும் போட்டார். அவருக்கும் அதே தைரியம். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது.

மூன்றாவது ஆள் அத்திம்பேரேதான். மேலே இன்னும் ஒரு வரிசை இருக்கையும் வெயிலுக்குக் கூரையும் வேண்டும் என்று முதலாளி கேட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அத்திம்பேர் பென்சிலால் காதைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "கைக்காவல் இருக்கே, தாங்கும்" என்று தலையை ஆட்டினார். நிஜமாகவே தாங்கியிருக்கும், அது ஒன்று மட்டும் என்றால்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சூரியன் விழுவதைப் பார்க்க மேல்தளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு பக்கமாக எழுந்து போனார்கள். படகு சாய்ந்தது, திரும்ப நிமிரவில்லை. ஏறியிருந்தவர்கள் அனுமதித்த எண்ணிக்கைக்குள்தான். படகோட்டியை எங்கள் பக்கம் சிராங்கு என்பார்கள். எல்லையோர ஊரைச் சேர்ந்த அந்தச் சிராங்கு, ஒரு பக்கம் போகாதீர்கள் என்று கீழேயிருந்து கத்தினாராம். மேலே பாட்டு அலறிக்கொண்டிருந்தது. மறுநாள் கரையில் பாயில் சுற்றி வைத்திருந்தவர்களில் ஒரே வீட்டைச் சேர்ந்த நான்கு பேர் இருந்தார்கள். அத்திம்பேர் ஒவ்வொரு பாயின் அருகிலும் போய் நின்றார். கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை.

விசாரணையில் சிராங்கின் மேல்தான் குற்றம் என்ற பேச்சு முதல் நாளே கிளம்பிவிட்டது. முதலாளியிடம் தாள் இருந்தது, மேஸ்திரியிடம் தாள் இருந்தது. அவரவர் ஏற்றியது தனித்தனியாகப் பார்த்தால் எழுதிய எடைக்குள் அடங்கும். சிராங்கிடம் மட்டும் தாள் எதுவும் இல்லை. எங்கள் வக்கீல், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றார். அக்கா சமையலறை வாசலில் நின்று அழுதாள். "ஏன்னா, பேசாம இருந்துடுங்கோளேன். நீங்க எழுதினதுல தப்பே இல்லைன்னு எல்லாரும் சொல்றாளே."

"நான் எழுதின எடை பொய்டீ" என்றார் அவர். "நல்லதுக்குன்னு சொன்ன பொய். அதை நம்பித்தான் மூணு பேரும் ஏத்தினோம். அந்த மனுஷன் ஏன் ஜெயிலுக்குப் போகணும்?"

விசாரணைக்குப் போய் அப்படியே சொன்னார். தான் வேண்டுமென்றே எடையைக் கூட்டி எழுதியதையும், மிச்சம் இருக்கிறது என்று மூவரும் தனித்தனியாக அதையே செலவழித்ததையும், சேர்த்துக் கூட்டினால் மிச்சம் போய்ப் பற்றாக்குறை ஆனதையும் நிதானமாகச் சொன்னார். சிராங்கு பின்வரிசையில் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். விசாரணை அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையான எடையைவிடக் கூடுதலாகத்தானே எழுதினீர்கள், குறைத்து எழுதவில்லையே, அது ஜாக்கிரதைதானே என்று மலையாளத்தில் கேட்டார். அத்திம்பேர் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார். போதும் என்றார்கள். வடிவமைப்பாளர் மிகுந்த முன்னெச்சரிக்கையோடு செயல்பட்டிருக்கிறார் என்று அறிக்கையில் எழுதினார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போனவருக்குப் பாராட்டுக் கொடுத்து அனுப்பிய கொடுமையை நான் அங்கேதான் கண்டேன். பின்னால் வழக்கு நடந்தபோது கோர்ட்டும் அந்த அறிக்கையைத்தான் பார்த்தது. சிராங்குக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

அத்திம்பேர் அதற்கப்புறம் ஒரு கோடு போடவில்லை. ஆபீஸை மூடினோம், கப்பல் வலியசாலையில் அக்கா வீட்டுக்கு வந்தது. எனக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தது. அவர் சாப்பிட்டார், தூங்கினார், கோயிலுக்குப் போனார். பேச்சு மட்டும் சுருங்கிப்போனது. குரூஸர் என்ற வார்த்தையையே அவர் வாயிலிருந்து நான் பிறகு கேட்கவில்லை.

தண்டனை முடிந்து வந்த சிராங்கு ஒரு நாள் காலையில் வீட்டு வாசலில் வந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நான் பயந்தேன். அக்கா காபி கொடுத்தாள். "அன்னைக்கு எனக்காகப் பறஞ்சது நீங்க ஒருத்தர்தான் சாரே. அதைப் பறஞ்சிட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றார். அத்திம்பேரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "பறஞ்சு என்ன பிரயோஜனம், ஓய்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

சிராங்கின் கண் கப்பலின் மேல் போனது. எல்லோரும் கேட்பதையே அவரும் கேட்டார். "இது மிதக்குமா சாரே?"

அத்திம்பேர் அதைத் தண்ணீரில் விட்டதே இல்லை. அது பார்க்கத்தான் என்று சொல்லி எல்லோரிடமும் தட்டிக் கழிப்பார். அன்று எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தார். பின்கட்டில் கல்யாண அண்டா ஒன்று தண்ணீரோடு இருந்தது. கப்பலை அதில் வைத்துக் கையை எடுத்தார். பித்தளையெல்லாம் மேலே இருந்ததால் அது ஒரு கணம் நின்றுவிட்டு மெல்லச் சாய்ந்தது. பீரங்கிகள் தண்ணீருக்குள் போயின, அடிவயிறு மேலே வந்தது.

சிராங்குதான் குனிந்து கையைவிட்டு அதை நிமிர்த்தினார். விடாமல் பிடித்துக்கொண்டே கேட்டார், "இதுல எத்தனை ஆளு உண்டு சாரே?"

தகாவோவின் நீளம், அகலம், வேகம், பீரங்கியின் வாய் அளவு எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார் அத்திம்பேர். அத்தனை வருஷத்தில் ஆட்களைப் பற்றி அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார். கப்பல் என்னிடம் வந்தது. தண்ணீர் ஊறிய இடத்தில் சாயம் உரிந்திருக்கிறது, நான் சரிசெய்யவில்லை. போன வாரம்கூட எதிர்வீட்டுக்காரர் வந்தவர் பெட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார். "இது மிதக்குமா மாமி?" என்றார்.

"மிதக்காது" என்றேன். "நிஜக் கப்பல்ல எழுநூறு பேருக்கு மேல இருந்திருக்கா."