வடக்கே போகிற வயல்

கோச்சடைச் சோணைக்கு வாய் சும்மா இருக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனாலும் கேள்வி கேட்கிற பழக்கம் நிற்கவில்லை. ஒரு தடவை நெல் விற்ற கையோடு டிரான்சிஸ்டர் ஒன்று வாங்கினார். அதன் பிறகு அவருக்கு உலகத்தில் ஒரு குறையும் இல்லை. வயலுக்குத் தண்ணீர் பாய்கிற நேரம் முழுக்க அது வரப்பில் உட்கார்ந்து பாடிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கும். கேட்டதைச் சாயங்காலம் டீக்கடையில் இறக்கி வைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். தனக்கு வாய்த்தது மனுஷனா ரேடியோவா என்று மனைவி ரெங்கம்மாள் சிரிப்பாள். தங்கமான மனிதர்தான். அந்த வாய்தான் எழுபத்தொன்பதாம் வருஷம் அவரை மாட்டிவிட்டது.

அன்று ரேடியோவில் பூமிக்குள் என்ன இருக்கிறது என்று சொன்னார்கள். சோணை அப்படியே கடையில் ஒப்பித்தார்: நடுவில் இரும்பு, அதைச் சுற்றிக் கேப்பைக்களி மாதிரி மெல்ல மெல்ல அசைகிற சூடான பாறை, அதற்கு மேலே துண்டு துண்டாக உடைந்த ஓடு. நாம் இருக்கிற துண்டு வருஷத்துக்கு இரண்டு மூன்று விரற்கடை வடக்கே நகருகிறது. அது போய் முட்டித்தான் இமயமலையே எழும்பியது.

எல்லோரும் சிரித்தார்கள். மூலை பெஞ்சில் இருந்த காளை மட்டும் சிரிக்கவில்லை. காளை, சோணைக்குப் பெரியப்பா மகன், மூத்த பங்காளி. அவர் வயல் சோணையின் வயலுக்கு நேர் வடக்கே இருந்தது.

மறுநாள் காலையில் காளை வரப்பில் போய் நின்றார். எல்லைக்கல் போட்ட இடத்தில்தான் கிடந்தது. ஆனால் நிலம் நகருகிறது என்று கேட்ட பிறகு அவர் கண்ணுக்கு அது நகர்ந்தே தெரிந்தது. "எம் பக்கம் நகந்து வாரேன்னு உன் வாயாலயே சொல்லிட்டியேடா" என்றார். அன்றோடு பேச்சு நின்றது. சோணை விளக்க விளக்க அவருக்குக் கோபம்தான் ஏறியது.

தை பிறந்தால் சோணையின் மகள் அழகம்மாளுக்குக் கல்யாணம். அவர்கள் வழக்கத்தில் மூத்த பங்காளி கை வைக்காமல் பந்தக்கால் ஊன்றுவதில்லை. ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். காளை வர முடியாது என்று சொல்லிவிட்டார். அழகம்மாளைத் தோளில் போட்டு வளர்த்ததே அவர்தான். பெரியப்பா இல்லாத பந்தல் எதற்கு என்று அந்தப் பெண் அழுதாள். சோணை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச்சைக் குறைத்தார். டிரான்சிஸ்டர் அலமாரிக்குப் போனது.

மார்கழியில் ஒருநாள், கல்யாணப் புடவை எடுக்க டவுன் பஸ்ஸில் ஏறிய சோணைக்குக் காளைக்குப் பின்சீட்டில்தான் இடம் கிடைத்தது. காளை பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். காளவாசல் வரை சோணை அவர் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தார். திடீரென்று அவருக்குப் பளிச்சென்றது.

"அண்ணே, கோச்சடையில இருந்து பஸ்சு எம்புட்டுத் தூரம் வந்திருக்கும்?"

சோணை முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"இம்புட்டுத் தூரம் வந்தும் நான் உன் சீட்டுக்கு வந்துட்டனாண்ணே? என் வயலும் உன் வயலும் ஒரே பஸ்சுலதான் போகுது. கல்லும் அதுலதான் உக்காந்திருக்கு."

காளை தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"அப்ப இமயமலை?"

"பஸ்சு போயி முட்டுற எடத்துல இருக்கவன் பாடு அது. நமக்கென்ன?"

முன்னால் இருந்த முதுகு குலுங்கியது. காளை சிரிக்கிறார் என்று தெரிந்ததும் சோணைக்குக் கண் நிறைந்துவிட்டது. பெரியார் பஸ் நிலையத்தில் இருவரும் சேர்ந்தே இறங்கினார்கள். மருமகப்பிள்ளைக்கு வேட்டி வாங்கியது காளை.

பந்தக்கால் ஊன்றுகிற அன்று முதல் ஆளாக வந்து நின்றதும் அவர்தான். மஞ்சள் பூசிய காலில் கையை வைத்துக்கொண்டு, சோணை தோண்டிய குழியை எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு விரக்கடை தெக்க தள்ளித் தோண்டியிருக்கலாம்லடா" என்றார். "வருசம் திரும்புறதுக்குள்ள சரியான எடத்துக்கு வந்து நின்னுரும்."

அழகம்மாள் சிரித்துவிட்டாள். சோணை அண்ணன் கைக்குக் கீழே தன் கையை வைத்துப் பந்தக்காலை ஊன்றினார்.