புள்ளி மறைந்த பல்லி

அமெரிக்காவில், பிளசன்டனில், கார் நிற்க வேண்டிய கராஜில் குமாரசாமி சிறுத்தைப் பல்லி வளர்த்து விற்றார். அறுபது பிளாஸ்டிக் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் தாய், தந்தை, பொரித்த தேதி எழுதிய சீட்டு. சிப் நிறுவன வேலை பிழைப்புக்கு. பெருமை முழுவதும் பல்லிகளில் இருந்தது.

மனைவி சாந்தாமணி அவருடைய தாய்மாமன் மகள். மகள் யாமினிக்கு நான்கு வயது. பிறவியிலேயே காது கேட்காது. 1997இல் ஃப்ரீமான்டில் காது கேளாதோர் பள்ளியில் இடம் கிடைத்தது. விண்ணப்பத்தில் கையெழுத்திட குமாரசாமி மறுத்தார்.

"உங்கம்மா வகையறாவுல வந்த குறை. அங்கயே கொண்டுபோய் வளர்த்து."

சொந்த ஊரான கோபிக்குப் போக தாய்க்கும் மகளுக்கும் டிக்கெட் எடுத்திருந்தார். திரும்பி வர எடுக்கவில்லை.

புறப்படுவதற்கு முந்தின சனிக்கிழமை, அவரிடம் ஒரு ஜோடி வாங்கியிருந்த அனந்தராமன் ஒரு குட்டியோடு வந்தார்.

"என்ன சார் இது? அப்பா அம்மா ரெண்டுக்கும் உடம்பெல்லாம் புள்ளி. இது வளர வளர எல்லாம் அழிஞ்சு வெறும் மஞ்சளா நிக்கறது. பொண்ணு சைடு ஃபால்ட்டா?"

குமாரசாமி சிரித்தார். "பாவம், பழியை அது தலையில போடாதீங்க. இந்தக் குணம் ஒண்ணுகிட்ட மட்டும் இருந்தா வெளியே தெரியாது. ரெண்டுமே உள்ளே ஒளிச்சு வச்சிருக்கணும். அப்பவும் நாலுல ஒண்ணுக்குத்தான் சான்ஸ். உங்க ஜோடி ரெண்டும் ஒரே தாத்தனோட பேரப்பிள்ளைங்க சார். தாத்தனுக்குப் புள்ளியே கிடையாது."

"அடடே, அத்தை பையன் மேரேஜா!"

காபி கொண்டுவந்த சாந்தாமணி அங்கேயே நின்றாள். "ஏனுங் மாமா, நாமளும் ஒரே தாத்தன் பேரப்பிள்ளைங்கதானுங்களே?"

அனந்தராமன் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். அவர் போனதும் அவள் விண்ணப்பத்தை எடுத்து வந்து நீட்டினாள்.

"பாப்பாவுக்கு உங்ககிட்ட இருந்தும்தான் வந்திருக்குதுங். கையெழுத்துப் போடுங்க."

"டாக்டர் சொன்ன அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா எங்கம்மாளைப் பேசுனீங்க?"

"பின்னே, ஊர் என்னைப் பேசட்டுங்கறியா?" குமாரசாமி ஒரு பெட்டியை இழுத்துத் திறந்தார். "இதே ஜோடியைச் சேர்த்தா மறுபடியும் அதே சான்ஸ்தான். வேற ரத்தம் பார்க்கணும்."

அவர் சொன்னது பல்லியை அல்ல என்பது அவளுக்குப் புரிந்தது.

தாயும் மகளும் விமானம் ஏறினார்கள். பள்ளியில் அந்த இடம் வேறொரு குழந்தைக்குப் போயிற்று. விவாகரத்துக்குப் பின் குமாரசாமி உறவே இல்லாத குடும்பத்தில் பெண் எடுத்தார். 2000இல் மகன் பிறந்தான். பரிசோதனை முடிந்த அன்றே அவர் கோபியில் உறவினர்களுக்கெல்லாம், கடைசியாகச் சாந்தாமணியின் தந்தைக்கும் போன் செய்தார்.

"மாமா, பையனுக்குக் காது நல்லா கேக்குதுங். குறை யார் பக்கம்னு இனியாவது ஊருக்குத் தெரியட்டும்."

ஒளிந்திருப்பது வேறு ரத்தத்தோடு சேர்ந்தால் வெளியே வராது என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் பிளசன்டனில் இல்லை. கோபியில் எவரும் அதை அறியார். சாந்தாமணியின் தங்கைக்குப் பேசி முடித்திருந்த வரன், அந்த வாரமே விலகிக்கொண்டது.