ஒரே விசையில் நகர்ந்த வண்டி

சபையாரே, ஜெபத்துக்குப் பதில் வராது என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். நான் பழைய வாத்தியாரம்மா, சத்தமாகத்தான் சொல்லுவேன்.

சாட்சி சொல்ல வருகிறவர்கள் வியாதியைச் சொல்வார்கள், விபத்தைச் சொல்வார்கள். என்னைப் படுத்தியது ஒரு வார்த்தை. சிரிக்காதீர்கள், அதனால் ஒரு வகுப்பே போக இருந்தது.

தமிழ் பேசும் ஊர்களை மலையாளச் சீமையிலிருந்து பிரிக்கக் கேட்டு எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. பாறசாலைப் பக்கம் எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பை மலையாள வகுப்போடு சேர்த்துவிடலாம் என்று பேச்சு அடிபட்டது. அதிகாரி ஒருவர் வந்து பிள்ளைகளைக் கேள்வி கேட்பார், அதைப் பார்த்து முடிவு என்றார்கள். அந்த நேரம் பார்த்து சயன்ஸ் சார் மாற்றலாகிப் போனார். பாடம் என் தலையில் விழுந்தது. நானோ காஞ்சிரங்குளத்தில் எல்லாவற்றையும் மலையாளத்தில் படித்தவள்.

பாடம், விசையும் இயக்கமும். தள்ளுவதும் இழுப்பதும் விசை என்றது புத்தகம். எங்கள் ஊரில் விசை என்றால் தடவை. "எத்தன விசை சொல்லியாச்சு உனக்கு?" என்று பிள்ளையை வையாத அம்மா கிடையாது. 'ஒரு பொருளின் மேல் இரண்டு விசைகள் செயல்பட்டால் என்ன ஆகும்?' என்று கேட்டேன்.

"ரெண்டு தடவ அனங்கும் டீச்சரே!" என்றது வகுப்பு முழுதும். அனங்கும் என்றால் அசையும்.

நான் படித்த மலையாளப் பாடத்தைச் சொல்லி விளக்கிப் பார்த்தேன். மறுநாளே தகப்பன்மார் வாசலில் வந்து நின்றார்கள். "தமிழ் கிளாசில மலையாளம் எதுக்கு டீச்சரே? இதுக்காக்கும் நாங்க கொடி பிடிச்சு நடக்கியது?"

அவர்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு. வீட்டுக்கு வந்து அழுதேன். அத்தனை பிள்ளைகளும் என்னால் பாதியில் மொழி மாறித் தடுமாறப்போகிறார்களே என்று சோறு இறங்கவில்லை. முழங்காலில் நின்று, "ஆண்டவரே, இந்தப் பிள்ளைகளுக்குப் புரிகிற ஒரு வார்த்தை தாரும்" என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

ஒரு மழைநாள் மத்தியானம். பள்ளிக்கூடத்தின் முன்னால் மரச்சீனிக் கிழங்கு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று சேற்றில் புதைந்தது. என் பிள்ளைகள் ஓடினார்கள். நீயா நானா என்று ஒவ்வொருவராகத் தள்ளிப் பார்த்தார்கள். வண்டி அசையவில்லை. அப்போது மேரி தங்கம் என்ற என் மாணவி கத்தினாள்:

"தனித்தனியா தள்ளினா அனங்காது மக்கா! எல்லாரும் ஒரே விசைல தள்ளுங்க!"

தள்ளினார்கள். சக்கரம் சேற்றை விட்டு எழும்பியது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கால் கழுவக்கூட விடாமல் வகுப்புக்குள் கூட்டிப்போனேன். "ஒவ்வொருத்தரும் குடுத்த தள்ளுதலுக்குப் பேரு என்ன? அதுதான் மக்கா புத்தகத்தில் உள்ள விசை. ஒரே தடவையில, ஒரே பக்கமா தள்ளினப்போ அத்தனையும் கூடிச்சு. எதிரில் நிண்ணு ஒருத்தன் தள்ளியிருந்தா?"

"கொறஞ்சிருக்கும் டீச்சரே!"

அதிகாரி வந்தார். திருவனந்தபுரத்து மலையாளி, சிரிக்காத முகம். புத்தகத்தைப் பார்த்து, ஒரு பொருளின் மேல் இரண்டு விசைகள் ஒரே திசையில் செயல்பட்டால் என்ன என்று தமிழிலேயே கேட்டார். மேரி தங்கம் எழுந்தாள்.

"ரெண்டு விசையும் ஒரு விசைல வந்தா கூடும் சார். வேற வேற விசைல வந்தா கூடாது."

முதல் விசை தள்ளுதல், அடுத்த விசை தடவை என்று அவருக்குப் பிடிபட்டது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "கொள்ளாம்" என்றார், நன்றாயிருக்கிறது என்று. தமிழ் வகுப்பை யாரும் மூடவில்லை.

நான் ஒரு புது வார்த்தை கேட்டேன். ஆண்டவரோ பிள்ளைகளின் வாயில் கிடந்த வார்த்தையையே எடுத்துத் தந்தார். அதற்குப் பிறகு எந்தப் பாடமானாலும் அவர்கள் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் புத்தகத்தைத் திறந்தேன். அவருக்கு ஸ்தோத்திரம்.

உங்களுக்கும் ஏதோ ஒன்று அசையாமல் கிடக்கும். கூசாமல் கேளுங்கள். தமிழில் கேட்டாலும் மலையாளத்தில் கேட்டாலும் அவருக்குப் புரியும்.