நாயி என்றால் வேண்டாம்

என் மகளுக்கு இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். 'அம்மா', 'போ', 'நாயி' என்று நாலைந்து வார்த்தைகள்தான் எனக்குப் புரிந்தன. மற்றதெல்லாம் ஏதோ குழறல்.

கும்மிடிப்பூண்டியில் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. மெஷினிலிருந்து வரும் பீஸை அளந்து பார்த்து, சரியில்லாததைத் தள்ளிவைக்க வேண்டும். வீட்டுக்காரருக்குத் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் ஷிப்ட். நாங்கள் இருவரும் போய்விட்டால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அடுத்த வீட்டு ஒடிசாப் பெண். அவள் புருஷனுக்கு இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை. அவளுக்குக் குழந்தை இல்லை. தமிழும் பத்துப் பன்னிரண்டு வார்த்தைக்கு மேல் தெரியாது. ஆனால் நான் கேட்டைத் தாண்டுவதற்குள் என் பிள்ளை அவள் இடுப்பில் ஏறியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் பெரியபாளையத்திலிருந்து வந்தார். வீட்டுக்காரருக்கு அக்கா. பிள்ளைக்கு இட்லி ஊட்டப் போனார். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு "நாயி, நாயி" என்றது.

"நாயி எங்க கீது? தெருவுல ஒண்ணையும் காணோமே" என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"அவளுக்கு நாய்னா பயம் அண்ணி. எப்பவும் அதையேதான் சொல்லிக்கினு இருப்பா."

"இன்னாம்மா நீ. இந்த வயசுல உன் ஊட்டுக்காரன் வாயாடி வாயாடியே ஊரைக் கூட்டுவான். பாஷை தெரியாதவகிட்ட புள்ளைய உட்டா எப்டி பேச்சு வரும்? பேசாம வேலைய உட்டுடு."

மறுநாள் லீவு போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா பிள்ளையின் பின்னால் நின்று சாவியைக் குலுக்கினார். சட்டென்று திரும்பிப் பார்த்தாள். காதையும் சோதித்துவிட்டு, "காது நல்லா இருக்கு. ஒண்ணு செய்யுங்க. அவ வாயிலேர்ந்து எது வந்தாலும் கேட்டபடியே எழுதிட்டு வாங்க. அர்த்தம் தேடாதீங்க" என்றார்.

அடுத்த வார லீவு நாளில் நோட்டோடு பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்தேன். மதியத்துக்குள் ஒன்றரைப் பக்கம் நிரம்பிவிட்டது. சாப்பாட்டுக்கு முன்னால், எழுதியதை ஒவ்வொன்றாக அந்த ஒடிசாப் பெண்ணிடம் படித்துக் காட்டினேன்.

"பாணி."

அவள் சொம்பைத் தூக்கிக் காட்டினாள். "பாணி, அக்கா! தண்ணி!"

"பாத்தோ." சோற்றுப் பானையைத் தொட்டாள். "தியோ." கையை நீட்டிக் கொடுக்கிற மாதிரி காட்டினாள். கடைசியாக, கொஞ்சம் தயங்கி, "நாயி" என்றேன்.

அவள் தலையைப் பலமாக ஆட்டினாள். "நாஹி, நாஹி. வேணாம்!"

இரண்டரை வயதுப் பிள்ளை மாதக்கணக்கில் என்னிடம் வேண்டாம், வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். நானோ நாயை விரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். எண்ணிப் பார்த்தால் அறுபதுக்கு மேல் வார்த்தைகள். பேச்சு வராதது அவளுக்கு இல்லை. கேட்கத் தெரியாதது எனக்கு.

நோட்டைப் பார்த்த டாக்டரம்மா சிரித்தார். "நீங்களும் நிறையப் பேசுங்க, போதும்" என்றார். வேலையை விடுவதில்லை, பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடமிருந்து பிரிப்பதுமில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். குளிப்பாட்டும்போது, தலை வாரும்போது, வாயில் வந்ததையெல்லாம் தமிழில் பேசினேன்.

மூன்று வயதுக்குள் தமிழ் கொட்டியது. முதலில் "பாணியெ ஊத்து" என்றாள். ஒடியாச் சொல்லுக்குத் தமிழ் வால் ஒட்டி வைத்தது யார்? நான் இல்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணும் இல்லை. பிறகு ஒருநாள் முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, விழுச்சேன்."

"விழுந்தேன்னு சொல்லு."

"ஆமா, விழுச்சேன்."

குடிச்சேன், கடிச்சேன் என்றால் விழுச்சேன்தானே? அவள் கணக்கு சரி. அந்த வார்த்தையை அவள் யாரிடமும் கேட்டிருக்க முடியாது, உள்ளுக்குள் அவளே செய்தது. நாள் முழுக்கத் தப்பான பீஸைத் தள்ளிவைக்கிற நான், இந்தத் தப்பை மட்டும் தொடவில்லை. ஆறேழு மாதத்தில் தானாக 'விழுந்தேன்' ஆனது.

அடுத்த ஆடி மாதம் நாத்தனார் மறுபடி வந்தார். பக்கத்து வீட்டுப் பெண், சித்தி என்பதை ஒடியாவில் 'மௌசி' என்று என் மகள் கூப்பிடுகிறவள், ஒரு தட்டில் இனிப்பு கொண்டுவந்து ஒடியாவில் ஏதோ சொன்னாள். நாத்தனார் விழித்தார்.

"மௌசி ஊருல திருவிழாவாம் அத்தே. உன்னைச் சாப்பிடச் சொல்றாங்க" என்றாள் என் மகள்.

நாத்தனார் ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றுகொண்டே பிள்ளையைப் பார்த்தார். "நல்லா கீதுன்னு சொல்லுடி. எப்டி செஞ்சான்னு கேளு."

மகள் திரும்பிக் கேட்டாள். பதிலை வாங்கி வந்து சொன்னாள். இப்படியே அரைமணி நேரம், மூவரும் வாசலில் உட்கார்ந்து பேசினார்கள். நான் உள்ளே குழம்பைக் கூட்டிவைத்துவிட்டு, அவர்கள் குரல்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.