சிவப்புப் பஞ்சின் மேல் ஊதாக்கரை

என் வீட்டுக்காரருக்குக் கோபமே வராது என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. மருந்துச் சீட்டைத் தலைகீழாக நீட்டுகிறவரிடமும், பாதி குடித்த மருந்து பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க வருகிறவரிடமும் அவர் ஒரே குரலில்தான் பேசுவார். அவருக்கும் சேர்த்து நான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். கல்லாவில் உட்காருவது நான் என்பதால் கடையும் பிழைத்தது.

முன்னால் மருந்துக்கடை. பின்னால் இருமல் மருந்துப் பெட்டிகள் அடுக்கிய ஒரு சிறிய அறை, அதில் ஒரு கம்ப்யூட்டர். அங்கேதான் அவருடைய இன்னொரு குடித்தனம் நடந்தது. ஓடில்லாத கடல் நத்தைகளோடு. கல்யாணமான புதிதில் அதைக் கேட்டு "சீ" என்றேன். படத்தைக் காட்டினார். விரல் நீளம்கூட இல்லாத ஒரு பூச்சி, சாயத்தொட்டியில் விழுந்து எழுந்ததுபோல மஞ்சளும் ஊதாவும் ஆரஞ்சுமாக இருந்தது. தலையில் இரண்டு கொம்பு. முதுகின் பின்பக்கம் பூ விரிந்ததுபோலச் செவுள். யாராவது தொட்டால் அந்தப் பூவைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளுமாம்.

கொம்பின் நிறம், செவுளின் நிறம், ஓரத்துக் கரை, எதைத் தின்கிறது, இவற்றையெல்லாம் வைத்துத்தான் எந்த இனம் என்று சொல்ல முடியும். பாறையில் ஒட்டி வளரும் கடற்பஞ்சுதான் பலவற்றுக்கும் சாப்பாடு. அதிலும் ஒவ்வோர் இனமும் தனக்கென்று ஒரு பஞ்சு வைத்திருக்கும். வேறு எதன்மேல் கொண்டு வைத்தாலும் பட்டினி கிடக்குமே தவிர வாய் வைக்காது. "உங்கம்மாவைவிடப் பிடிவாதமா இருக்கே" என்றேன். அவர் சிரிக்காமல் யோசித்து, "கிட்டத்தட்ட" என்றார்.

இவ்வளவு தெரிந்த மனிதர் கடலில் இறங்கியதே இல்லை. சிறு வயதில் காதுச் சவ்வு கிழிந்துவிட்டது, ஆழத்துக்குப் போகக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. இறங்கியதெல்லாம் அவருடைய தம்பி, அதாவது என் கொழுந்தன். வெளியூர்க்காரர்களைப் படகில் கூட்டிக்கொண்டு போய்க் கடலுக்கடியில் இருப்பதைக் காட்டுவது அவன் தொழில். அவன் படம் எடுத்து அனுப்புவான், இவர் உட்கார்ந்து இனம் கண்டுபிடிப்பார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து எங்கள் கடலின் நத்தைகளைப் பற்றி ஒரு புத்தகம் போடுவதென்று முடிவு. கொழுந்தன் சொன்னதை இவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்.

அந்தப் புத்தகத்தின் உயிரே ஊதாக்கரைதான். வெள்ளை உடம்பு, பொன் புள்ளிகள், ஓரத்தில் புடவைக் கரைபோல ஊதா. அதில் இரண்டு இனம் இருக்கிறது என்பது இவர் கட்சி. ஒன்றுக்குக் கரை அகலம், சாம்பல் பஞ்சில் இருக்கும். மற்றதற்குக் கரை மெலிது, சிவப்புப் பஞ்சில் இருக்கும். வெளிநாட்டில் ஒரு பேராசிரியை, "கரை வயதுக்குத் தகுந்தபடி மாறும், இரண்டும் ஒன்றுதான்" என்று எழுதினார். "அப்படியென்றால் சாப்பாடு ஏன் வேறு?" என்று இவர் திருப்பிக் கேட்டார். அந்த அம்மாளால் பதில் சொல்ல முடியவில்லை. இவர் ஒரு வாரம் கடையில் பாட்டு முணுமுணுத்தார்.

ஒரு நாள் மதியம் ஒரு பெண் காதுவலிக்குச் சொட்டு மருந்து கேட்டு வந்தாள். சுவரில் ஒட்டியிருந்த கொழுந்தனின் படகு விளம்பரத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"இவர் உங்களுக்குச் சொந்தமா? இவர் படகுலதான் நேத்து போனேன். எவ்வளவு அக்கறையா ஏற்பாடு பண்ணித் தந்தார் பாருங்க!" என்று போனில் ஒரு வீடியோவை ஓட விட்டாள்.

நான் பார்த்தேன். அழுக்குச் சாம்பல் பஞ்சின்மேல் மெல்லிய கரையுள்ள ஓர் ஊதாக்கரை, செவுளைப் பூவாய் விரித்து வைத்துக்கொண்டு தின்றுகொண்டிருந்தது. ஒரு கம்பி வந்தது. நெம்பியது. பூ உள்ளே போய்விட்டது. ஒரு கை அதைத் தண்ணீரில் ஏந்திக் கொண்டுபோய் ரத்தச் சிவப்பான பஞ்சின்மேல் வைத்தது. பூ மறுபடி விரியும்வரை காத்திருந்தார்கள். அப்புறம் பளிச்சென்று ஃபிளாஷ். கையில் கட்டியிருந்த பச்சைக் கயிறு என் கொழுந்தனுடையது.

என் தோளுக்குப் பின்னால் இவர் நின்றிருந்தார். "இன்னொரு தடவை போடும்மா" என்றார். பார்த்தார். எத்தனை சொட்டு, எத்தனை வேளை என்று அந்தப் பெண்ணுக்குப் பொறுமையாகச் சொல்லி அனுப்பிவிட்டு, பட்டப்பகலில் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

கொழுந்தன் சாயங்காலம் வந்தான். இவர் சுற்றி வளைக்கவில்லை.

"எனக்கு அனுப்பின படமெல்லாம் இப்படி எடுத்து வெச்சு எடுத்ததுதானா?"

"எல்லாம் இல்லண்ணா. சிலது. அது போய் அழுக்குப் பஞ்சு மேல உக்காந்துக்கும். யார் பார்ப்பா? சிவப்பு மேல வெச்சா என்ன அழகு!"

"எதெது?"

"அதையெல்லாம் யாருண்ணா ஞாபகம் வெச்சுக்கிட்டு?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. திருடனுக்காவது எதைத் திருடினோம் என்று தெரியும். எந்தப் படம் நிஜம், எந்தப் படம் ஜோடனை என்று இவனுக்கே தெரியாது. ஊதாக்கரை மட்டுமில்லை, 'உணவு' என்று இவர் ஒவ்வொரு நத்தைக்கும் எழுதியிருந்த வரி அத்தனையிலும் மண் விழுந்தது.

"நான் உன் கண்ணாலதான்டா பார்த்துட்டிருந்தேன்!" என்று இவர் கத்தினார். ஷட்டருக்கு வெளியே நின்றிருந்தவர்கள் நாலடி பின்னால் போனார்கள். "ஒரு இனத்தை ரெண்டுன்னு சொன்னேன். அந்தம்மாவோட சண்டை போட்டேன். அது ரெண்டாவது இனமே இல்லடா, நீ எடுத்து வெச்ச இடம்டா அது!"

"ஒரு நத்தைக்காகக் கூடப்பொறந்தவனைத் திட்டறியா? என்ன அண்ணி இது?"

"நத்தையாவது தொட்டா சுருங்குது. உனக்கு அதுகூட இல்ல" என்றேன் நான்.

"விடுங்க. புத்தகம் வரட்டும். எல்லாரும் படத்தைத்தான் பார்ப்பாங்க. எழுத்தை யாரு படிக்கிறா?" என்று சொல்லிவிட்டு அவன் ஷட்டருக்கடியில் குனிந்து வெளியே போனான்.

பேராசிரியைக்கு இவர் மன்னிப்புக் கேட்டு எழுதினார். ஒவ்வொரு பக்கத்திலும் 'உணவு' என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று மாற்றினார். அடித்து அடித்து எழுதும்போது பல்லைக் கடிக்கும் சத்தம் கல்லாவரை கேட்டது. தம்பிதானே, தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும், நாலு நாளில் சரியாகிவிடும் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். ஆடவில்லை.

புத்தகம் வந்தது. கொழுந்தனும் வந்தான், ஒன்றுமே நடக்காதவன்போல. கடையில் நல்ல கூட்டம். கல்லாமேல் இருந்த பிரதியை எடுத்து நேராக ஊதாக்கரைப் பக்கத்தைப் புரட்டினான். சிவப்புப் பஞ்சுப் படம் முழுப் பக்கத்துக்கு இருந்தது. அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"சிவப்பு நல்லா வந்திருக்குண்ணா. போடமாட்டியோன்னு நினைச்சேன்."

இவர் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "கீழ எழுதியிருக்கறதைப் படிச்சுக் காட்டு. அவன் எழுத்துப் படிக்க மாட்டான்."

நான் எழுந்து நின்று, வரிசையில் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி படித்தேன். "இந்தப் படத்தை நம்ப வேண்டாம். இந்த நத்தை சிவப்புப் பஞ்சில் வாழ்வதில்லை. அழகுக்காகப் பெயர்த்து வைக்கப்பட்டது. படம் எடுத்தவன் என் தம்பி."

அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. அது வேண்டாம் என்று அச்சுக்குப் போகும்வரை நான் மன்றாடியிருந்தேன். அதைப் படிக்கும்போது என் குரல் தானாக இறங்கிவிட்டது.

"நம்பியவன் நான்."

கொழுந்தன் புத்தகத்தை மூடிக் கல்லாமேல் வைத்தான். இவர் நிமிர்ந்து அவனைத் தாண்டிப் பார்த்தார்.

"அடுத்து யாரு?" என்றார்.