பலகையைக் காப்பாற்றியவர்

என் மாப்பிள்ளை ஒரு கணினியிலிருந்து ஒரு சாஃப்ட்வேரை நீக்கினால், அது குடியிருந்த இடத்தில் அதன் வாசனைகூட மிஞ்சாது. அதை எழுதியவனுக்கே அது மறந்துபோகும் என்று நான் பல வீடுகளில் பீற்றியிருக்கிறேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். எழுதியவன் ஒன்றும் மறக்கவில்லை. ஆனால் வாசனை மிஞ்சாது என்பது சத்தியம். வம்பே அதில்தான் வந்தது.

அரைகுறை என்பது அவருக்கு ஆகாது. கல்யாணத்துக்கு முன்தினம் மீசையின் ஒரு பக்கத்தைச் சரிசெய்யப் போய், அதற்கு ஏற்றாற்போல் மறுபக்கத்தையும் சரிசெய்து, மறுபடி இந்தப் பக்கம் வந்து, கடைசியில் மீசையே இல்லாமல் வந்து நின்றார். மாப்பிள்ளை எங்கே என்று அவரிடமே கேட்டேன்.

செயற்கைக் கால் செய்து தரும் பட்டறையில் அவருக்கு வேலை. கால் செய்வதல்ல, அங்கிருக்கும் கணினிகளைக் கட்டி மேய்ப்பது. மாவுக்கட்டுப் போடும் மாவு மூட்டைகள் அடுக்கிய அறையில், ஒரு மேசைக்கு அடியில், பட்டறையின் சர்வர் இருந்தது. பழைய யூனிக்ஸ் கணினி. அதில் ஓடும் டேட்டாபேஸில்தான் காலை இழந்தவர்கள் அத்தனை பேருடைய அளவுகளும் இருந்தன. மிச்சக் கால் எவ்வளவு நீளம், எந்த இடத்தில் எவ்வளவு சுற்றளவு, எங்கே அழுத்தினால் வலிக்கும் எல்லாம். அதைப் பார்த்து மாவில் அச்சு வார்ப்பவர் அதே மேசையில் வேலை செய்வார். முழங்கைவரை எப்போதும் மாவு காய்ந்து கிடப்பதால் அவருக்கு 'வெள்ளைக்கை' என்று பெயர். கூடப் பிறக்காவிட்டாலும் மாப்பிள்ளைக்கு அவர் அண்ணன். அவருக்கு இவர் தம்பி.

ஒருநாள் காலை அந்த டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் எழுந்திருக்க மாட்டேன் என்றது. புது வெர்ஷனுக்கும் பழைய செட்டிங்குக்கும் ஒத்துவரவில்லை. மேலே மேலே இன்ஸ்டால் செய்து பார்த்தார். பழைய செட்டிங் எங்கேயோ ஒளிந்திருந்து ஒவ்வொரு தடவையும் வந்து ஒட்டிக்கொண்டது. சரி, வேரோடு பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடுவோம் என்று முடிவு செய்தார். தப்பான முடிவும் இல்லை.

முதலில், அளவுகள் இருக்கும் ஃபோல்டரை வேறு இடத்தில் காப்பி எடுத்தார். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிட்டது. அத்தனை பேரின் காலும் அவ்வளவு சீக்கிரம் எப்படி நகரும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சர்வீஸை நிறுத்தினார், சாஃப்ட்வேரை எடுத்தார், செட்டிங் ஃபைல்களை எடுத்தார், அது எழுதிவைத்த லாக் குறிப்புகளை எடுத்தார், அதன் பெயரில் இருந்த பயனர் கணக்கையும் எடுத்தார். மற்றவர்கள் இத்தோடு விட்டிருப்பார்கள். இவரோ அந்தச் சாஃப்ட்வேரின் பெயரைத் தாங்கிய எதுவும் மிஞ்சியிருக்கிறதா என்று கணினி முழுக்கத் தேடவிட்டார். இரண்டாவது டிஸ்கில் பெரிய ஃபோல்டர் ஒன்று கிடைத்தது. எந்தக் காலத்துக் குப்பையோ என்று அதையும் அழித்தார்.

அதுதான் அசல்.

முன்பு ஒரு சமயம் முதல் டிஸ்க் நிரம்பிவிட்டதால், அளவுகளை எல்லாம் இரண்டாவது டிஸ்குக்கு மாற்றியவரும் இவரே. பழைய இடத்தில் ஒரு 'லிங்க்' மட்டும் வைத்திருந்தார். காலி செய்த வீட்டு வாசலில், 'இப்போது இன்ன விலாசத்தில் இருக்கிறோம்' என்று பலகை மாட்டுவோமே, அது மாதிரி. இவர் காப்பி எடுத்தது அந்தப் பலகையை. பலகையைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு வீட்டை இடித்துவிட்டார். வாராவாரம் தானாக எடுக்கும் காப்பிகளைத் திறந்து பார்த்தார். இடம் மாற்றிய நாளிலிருந்து அங்கேயும் பலகைகளாகவே சேர்ந்திருந்தன. அதற்கு முந்தியவை எப்போதோ கழிக்கப்பட்டுவிட்டன.

புது சாஃப்ட்வேர் அழகாக எழுந்து நின்றது. உள்ளே ஒரு கால்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்து மேலாளரம்மா வந்து, திரையில் அளவுகள் இல்லாததைப் பார்த்தார். மேசைக்கு அடியில் ஈரம். வெள்ளைக்கையின் வாளி சாய்ந்திருந்தது.

"உள்ளே தண்ணி போயிடுச்சா?"

"கால் தட்டிடுச்சு மேடம். அந்தப் பக்கம் போகலைன்னுதான் நினைச்சேன்."

"நினைச்சீங்க! அந்த மூலையில வாளி வைக்காதீங்கன்னு நான் தொண்டை கிழியச் சொன்னது யாருக்கு? சுவருக்கா?" மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "அளவெல்லாம் போனது தண்ணியாலதானே?"

"பார்க்கணும் மேடம்" என்றார் மாப்பிள்ளை.

பார்ப்பதற்கு என்ன இருந்தது? எல்லாம் பார்த்து முடித்தாகிவிட்டது. தண்ணீர் கணினியைத் தொடவே இல்லை. ஆனாலும் வாய் அதற்குமேல் திறக்கவில்லை. மாசக் கடைசியோடு நின்றுகொள்ளுங்கள் என்று வெள்ளைக்கைக்குச் சொல்லியாகிவிட்டது.

அளவு கொடுத்த ஆட்களை மறுபடி வரவழைத்தார்கள். ஊன்றுகோலோடு படியேறி வந்த ஒவ்வொருவரிடமும் வெள்ளைக்கை, "என்னாலதான் உங்களுக்கு இந்த அலைச்சல், கோச்சுக்காதீங்க" என்றார். ஒரு அம்மாள் கோபித்துக்கொள்ளவே செய்தாள். "உங்களுக்கென்ன, ரெண்டு காலும் இருக்கு!" அவர் தலையைக் குனிந்துகொண்டு நாடாவைப் பிடித்தார். அதே மேசையில் உட்கார்ந்து அளவுகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் என் மாப்பிள்ளை. ஒவ்வொரு எண்ணும் தன்னைப் பார்த்துத் திட்டியது என்றார். எண் திட்டுமா என்றால், அவருக்குத் திட்டியிருக்கிறது.

வீட்டில் சோறு இறங்கவில்லை.

"தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தா அது தானா வாய்க்குள்ள வருமா?" என்றாள் என் மகள்.

அப்போதுதான் சொன்னார். நான் அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அதாவது, பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப அவர் வேலை போகட்டும், உங்க பேரு மட்டும் நல்லா இருக்கட்டும். அப்படித்தானே?"

"நாளைக்குச் சொல்லலாம்னு..."

"நேத்தும் ஒரு 'நாளைக்கு' இருந்துச்சுங்க."

மறுநாள் காலை மாப்பிள்ளை மேலாளரம்மாவின் அறைக்குப் போய் லிங்க், அசல், குப்பை என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். அந்த அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஒரு சாஃப்ட்வேரை எடுங்கன்னு சொன்னா, ஊரையே காலி பண்ணிட்டீங்களே?"

வெள்ளைக்கை வேலையை விட்டு நிற்க வேண்டாம் என்று அன்றே ஆயிற்று. அதன்பின் மாப்பிள்ளை நேராக மாவு மேசைக்குப் போனார். எல்லார் முன்னாலும் வெள்ளைக்கையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அழிச்சது நான்தான்" என்று அழுதார். கண்ணீரில் மாவு கரைந்து, பல வருஷத்துக்குப் பிறகு அந்தக் கைகளின் சொந்த நிறத்தை ஊர் பார்த்தது. அவர் இவரைக் கட்டிக்கொண்டதில் இவர் சட்டை முதுகில் இரண்டு வெள்ளைக் கைகள் பதிந்தன. எந்தச் சோப்புக்கும் அவை போகவில்லை.

"அத்தை, இந்தக் கடைசிப் பத்தியை அடிச்சிடுங்க." நான் எழுதுவதை எப்போதிலிருந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாரோ.

"ஏன் மாப்பிள்ளை, அழுகை ஜாஸ்தியாயிடுச்சா?"

"நான் மேடம்கிட்ட மட்டும்தான் சொன்னேன். அவங்க எல்லார்கிட்டயும், மெஷின் பழசு, அதான் போச்சுன்னு சொல்லிட்டாங்க. அண்ணன் இன்னிக்கு வரைக்கும் அதைத்தான் நம்பறார். அவருக்காக நான்தான் மேடம்கிட்ட மன்றாடினேன்னு வேற நினைச்சுக்கிட்டிருக்கார். தினமும் டீ வந்ததும் முதல் டம்ளரை என் மேசையில கொண்டுவந்து வைக்கிறார்."

"நீங்க என்ன பண்றீங்க?"

"குடிக்கிறேன் அத்தை."